யந்திரத்துக்குத் தமிழ் ஏறாதா?

(சாமளாபுரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஆலையில் மின்சார வேலை பார்த்துவரும் தோழர் ஒருவர் பேசியது.)



இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் சிலர் சிரித்தார்கள். "கூலியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கட்டையைப் பற்றி என்ன பேச்சுங்க?" என்று குளத்துப் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடமே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

பழனியம்மாள் என்று ஒரு பெயர். நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பழனியம்மாள் இருப்பார்கள். தமிழில் அந்தப் பெயரை எழுத ஒரே வழிதான் உண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் சரியாக எழுதிவிடும். ஆனால் ஆலை ஆபீசில் அதை இங்கிலீஷில் ஏற்றுகிறார்கள். ஒருவர் 'ழ'வுக்கு 'எல்' போடுகிறார். இன்னொருவர் 'இசட்'டும் 'எச்'சும் போடுகிறார். கடைசியில் வரும் 'மாள்' ஒரு காகிதத்தில் ஒரு 'ஏ'யோடு நிற்கிறது, இன்னொன்றில் இரண்டு 'ஏ' வாங்கிக்கொள்கிறது. அந்த அம்மாள் இருபது வருஷம் கோன் சுற்றிவிட்டு, வேலையை விட்டு நின்று, தன் சொந்தச் சேமிப்புப் பணத்தைக் கேட்டு மனுப் போடுகிறார். "பெயர் ஒத்துவரவில்லை" என்று மனு திரும்பி வருகிறது. பிறகு பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, அடுத்த நாள் கூலி இழப்பு. கூலியைப் பற்றித்தான் பேசுகிறேன், தோழர்களே!

"ஆலைப் பதிவில் தமிழிலும் பெயரை எழுதி வையுங்கள்" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "இந்த மிஷினுக்குத் தமிழ் ஏறாதப்பா." இந்தப் பதிலை நானும் பல வருஷம் நம்பினேன். மிஷின் சொன்ன மாதிரி ஆபீசில் சொல்கிறார்கள். மிஷின் எதுவும் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அப்போது இருந்த ஆலையில், கோன் எடையும் ஆள் பெயரும் பதிய ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடியது. படம் கிடையாது, ஜன்னல் கிடையாது, அம்பு ஓட்டும் சுண்டெலி கிடையாது. கறுப்புத் திரை, அகலத்தில் 80 எழுத்து, உயரத்தில் 25 வரி. இதற்கு எழுத்துத் திரை என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கு 2011 முதல் சர்க்கார் கொடுத்த மடிக்கணினியில் பார்ப்பது ஜன்னல் திரை. இரண்டும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள். பிரச்னையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

முதலில் கட்டை. கட்டையில் 'கே' என்று அச்சடித்த விசையை அழுத்தினால் 'கே' என்ற எழுத்து கம்ப்யூட்டருக்குள் போவதாக நாம் நினைக்கிறோம். இல்லை. ஒரு நம்பர்தான் போகிறது. லினக்ஸ் அந்த விசையை 37 என்று எண்ணி வைத்திருக்கிறது. 37 என்றால் எந்த எழுத்து என்பதை உள்ளே இருக்கும் ஓர் அட்டவணை சொல்கிறது. அட்டவணையில் 'கே' என்று இருந்தால் 'கே'. 'க' என்று இருந்தால் 'க'. விசையின் தலையில் அடித்த எழுத்து வெறும் பெயிண்டுதான்.

விசைத்தறி ஓட்டுகிற தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டாபியில் சட்டத்துக்குச் சட்டம் முளை செருகுகிறோம். முளை இருக்கிற இடத்தில் விழுது மேலே போகிறது. தறி அதே தறி, நூல் அதே நூல். முளையை மாற்றினால் கரை மாறுகிறது. விசை அட்டவணையும் முளை செருகிய சட்டம் மாதிரிதான். அதை மாற்ற யந்திரத்தைப் பிரிக்க வேண்டாம்.

சரி, தமிழ் அட்டவணை எங்கே கிடைக்கும்? தேட வேண்டியதே இல்லை. ஜன்னல் திரைக்கென்று எழுதின தமிழ் அட்டவணை அதே லினக்ஸில் சும்மா கிடக்கிறது. அதில் ஒன்று இன்ஸ்கிரிப்ட். 1986-ல் மத்திய சர்க்காரின் மின்னணுத் துறை வகுத்த வரிசை. அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: இந்தி, வங்காளி, ஒரியா, தமிழ் எல்லாவற்றுக்கும் 'க' ஒரே விசையில் இருக்கும். நம்மோடு திருப்பூரில் வேலை பார்க்கும் ஒடிசாத் தோழரும் நாமும் ஒரே விசையைத் தட்டினால், அவருக்கு அவர் 'க' வரும், நமக்கு நம் 'க' வரும். 37-ஆம் விசைதான் அது.

ஆனால் ஜன்னல் திரையின் அட்டவணையை அப்படியே எடுத்து எழுத்துத் திரையில் வைக்க முடியாது. ஜன்னல் திரையின் கணக்கில் அதே விசைக்கு நம்பர் 45. ஏன் என்றால், அந்த முறையை வகுத்தவர்கள் 0 முதல் 7 வரை உள்ள நம்பர்களை விசைகளுக்குத் தரவில்லை. எட்டிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். ஆகவே ஒவ்வொரு விசைக்கும் எட்டைக் கழிக்க வேண்டும். ஒரே ஆலையில் டைம் ஆபீஸ் ஒரு டோக்கன் நம்பரும் கேன்டீன் வேறு டோக்கன் நம்பரும் கொடுத்தால் எப்படியோ அப்படி. இன்னொன்று: ஜன்னல் திரையின் அட்டவணை அடுக்கு அடுக்காக, ஒன்றை ஒன்று துணைக்கு அழைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கும். எழுத்துத் திரைக்கு அது புரியாது. அதற்கு எல்லாவற்றையும் பிரித்து நேராக எழுதிக் கொடுக்க வேண்டும்: விசையைத் தனியாக அழுத்தினால் இது, ஷிப்டோடு அழுத்தினால் இது, என்று.

இதைக் கையால் செய்தால் ஒரு நாள் ஆகும். செய்து கொடுக்க ஒரு சிறு புரோகிராம் இருக்கிறது. சி-கே-பி-காம்ப் என்று பெயர். டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் சேர்ந்தே வருகிறது. எழுதியவர் பல்கேரியாவைச் சேர்ந்த ஆன்டன் ஜினோவியெவ். அவர்களுக்கும் நம்மைப் போல் இங்கிலீஷ் அல்லாத எழுத்து; ஒரே கட்டையில் இரண்டு எழுத்தும் அடித்தாக வேண்டிய அவசியம். அந்தப் புரோகிராம் அட்டவணையைப் பிரித்துக் கொடுக்கும். லோட்கீஸ் என்ற இன்னொன்று அதை யந்திரத்தில் ஏற்றும். இரண்டு கட்டளை. அவ்வளவே.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வக் கோளாறில் தமிழ் அட்டவணையை மட்டும் ஏற்றி, யந்திரம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதுவே வரும்படி எழுதி வைத்துவிட்டேன். மறுநாள் காலை ஷிப்டில் யந்திரத்தைப் போட்டார்கள். உள்ளே போகப் பெயரும் ரகசியச் சொல்லும் இங்கிலீஷில் கேட்கிறது. கட்டையோ தமிழ் தவிர வேறு எதுவும் பேச மறுக்கிறது! அந்த ஷிப்டு முழுவதும் எடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். நான் ஒரு பென் டிரைவில் வேறு லினக்ஸைப் போட்டுக் கிளப்பி, அட்டவணையைத் திருத்தினேன். மேஸ்திரி என்னை என்னவெல்லாம் சொன்னார் என்பது இந்தச் சபைக்கு வேண்டாம். நீங்கள் செய்தால் இங்கிலீஷை முதலில் வையுங்கள், தமிழை இரண்டாவதாக வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ ஒரு விசையை ஒதுக்குங்கள். சி-கே-பி-காம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்றிக் கொடுக்கும்.

திருத்திய பிறகு அன்று இரவு 37-ஐத் தட்டினேன். திரையில் என்ன வந்தது? 'க' வரவில்லை. ஒரு கட்டம் வந்தது. மறுபடி தட்டினேன். இன்னொரு கட்டம். பழனியம்மாள் என்று முழுவதும் அடித்தேன். வரிசையாகக் கட்டங்கள் நின்றன. 'தோற்றோம்' என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், வெளியே ஒரு டைப்பிங் சென்டரில் ஜன்னல் திரையில் திறந்து பார்த்தேன். பழனியம்மாள்! பிழை இல்லாமல், 'ழ' 'ழ'வாக, 'ள்' 'ள்'ளாக நின்றது.

இதன் அர்த்தம் என்ன? விசைக்குத் தமிழ் ஏறியிருக்கிறது. நினைவுத் தட்டுக்குத் தமிழ் ஏறியிருக்கிறது. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் நம்பர் கொடுத்திருக்கும் யூனிகோட் முறையில் 'க'வுக்கு 2965, 'ழ'வுக்கு 2996, புள்ளிக்கு 3021. அந்த நம்பர்கள் எல்லாம் சரியாகப் பதிவாகியிருந்தன. திரைக்கு மட்டும்தான் அவற்றை வரையத் தெரியவில்லை. "மிஷினுக்குத் தமிழ் ஏறாது" என்பது பொய். திரையில் தமிழ் தெரியவில்லை என்பதே உண்மை. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துபோகும். இரண்டாவதைச் சொன்னால், ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம் அல்லவா?

ஏன் தெரியவில்லை? எழுத்துத் திரைக்குள் எழுத்து ரூபங்களை வைக்க ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 256 அறை. 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த திரை அட்டையில் அப்படி அமைந்தது. சில வர்ணங்களை விட்டுக்கொடுத்தால் 512 அறை கிடைக்கும். ஓர் அறைக்கு ஓர் எழுத்து. ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். இங்கிலீஷுக்குத் தாராளம். பல்கேரிய எழுத்துக்கும் தாராளம். "நம்முடையது 247 எழுத்துத்தானே, 512-ல் அடங்காதா?" என்று கணக்குத் தெரிந்த தோழர் கேட்கலாம். அடங்கும்! ஆனால் அறையில் இடம் இருந்தும் ஆள் ஏற வழியில்லை. யூனிகோடில் 'னி' என்பது ஒரு நம்பர் அல்ல. 'ன' ஒன்று, கொக்கி ஒன்று, ஆக இரண்டு. எழுத்துத் திரைக்குத் தெரிந்தது ஒரு நம்பருக்கு ஒரு கட்டம். இரண்டு நம்பரைச் சேர்த்து ஒரு ரூபமாக வரைய அதற்குத் தெரியாது. 'கொ' என்றால் இன்னும் மோசம்: கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. மேலும் 'ண'வையும் 'ஐ'யையும் எட்டுப் புள்ளி அகலத்தில் அடக்கினால் மூச்சு முட்டிச் செத்துப் போகும்.

ஜக்கார்டுக்கு வரைந்த டிசைனை டாபியில் ஏற்றச் சொன்னால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? ஜக்கார்டு இழை இழையாகத் தூக்கும். டாபியோ விழுது விழுதாகத்தான் தூக்கும். முளையை எத்தனை கவனமாகச் செருகினாலும் மயில் வராது, கோடுதான் வரும். முளையின் குற்றம் இல்லை அது.

கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ல், யூனிகோடோடு டேஸ்-16 என்ற இன்னொரு முறையையும் தமிழ்நாட்டு சர்க்கார் அங்கீகரித்தது. அதில் 'னி'க்கும் தனி நம்பர், 'கூ'வுக்கும் தனி நம்பர். எழுத்துத் திரைக்கு அது பொருந்தும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நம் ஆலையில் அப்படிப் பதிந்த பெயரை, யூனிகோட் மட்டும் தெரிந்த அடுத்த ஆபீஸ் படிக்க முடியாது. பெயர் ஒத்துவரவில்லை என்ற பழைய வியாதிக்கு நாமே புதிதாக ஒரு வழி திறந்துவிடுவோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

இதெல்லாம் தீர்க்க முடியாத பிரச்னையா என்றால், இல்லை. நம் நாட்டிலேயே ஒரு தடவை தீர்த்திருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி, பிறகு 1988-ல் அமைந்த புனே சி-டாக் நிறுவனத்தில் மோகன் தாம்பேயும் அவரோடு உழைத்தவர்களும் ஜிஸ்ட் என்ற அட்டையை உருவாக்கினார்கள். அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால், இங்கிலீஷுக்கென்றே எழுதின பழைய எழுத்துத் திரைப் புரோகிராம்களில் தமிழும் இந்தியும் தெரிந்தன. எழுத்தைச் சேர்த்து வரைகிற வேலையை அந்த அட்டையே எடுத்துக்கொண்டது. பிறகு ஜன்னல் திரை வந்தது. எழுத்துத் திரையில் இந்திய எழுத்தை எல்லோரும் மறந்தார்கள். டெபியனை யந்திரத்தில் நிறுவும்போதுகூட, 2007-ல் ஜன்னல் முறை வந்த பிறகே தமிழில் படித்துச் செய்ய முடிந்தது. மறந்தது யார்? ஆபீஸ் அறையில் புது யந்திரம் வாங்கிக்கொள்ள முடிந்தவர்கள். பழைய கறுப்புத் திரை எங்கே மிஞ்சியது? எடை போடுகிற இடத்தில், குடோனில்.

இன்னும் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. கட்டையின் வரிசை என்பது விரலில் ஏறிய வித்தை.

அந்த எடைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்த தங்கை தமிழ் டைப்ரைட்டிங் லோயர் தேறியவர். அப்பா காட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் பீஸ் கட்டி, 'யளனகப' என்று மாதக்கணக்கில் தட்டிப் பழகியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பார். நான் பெருமையாக இன்ஸ்கிரிப்ட் அட்டவணையை ஏற்றிவிட்டு, "அம்மிணி, இனிமேல் தமிழ்" என்றேன். அவர் உட்கார்ந்தார். 'க' என்று நினைத்து விரல் வைத்த இடத்தில் வேறு எதுவோ விழுந்தது. பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார். "ஏனுங் அண்ணா, நான் படிச்சது வீணுங்களா?" என்று கேட்டார். கட்டத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கம் வரவில்லை.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, பிழைப்புக்காக மலேயாவும் சிங்கப்பூரும் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ் டைப்ரைட்டரை அமைத்தவர். 247 எழுத்தைச் சிறு யந்திரத்தில் எப்படி அடக்கினார் என்று பாருங்கள். புள்ளி விசையை அடித்தால் புள்ளி விழும், ஆனால் வண்டி நகராது. அடுத்து 'க'வை அடித்தால் அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே 'க' விழுந்து, 'க்' ஆகி, பிறகுதான் வண்டி நகரும். ஒரு நகரா விசையால் பதினெட்டு விசையை மிச்சம் பிடித்தார்! 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, அந்த வருஷமே சர்க்கார் தமிழ்-99 என்ற புது வரிசையை ஏற்றது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று. மொத்தம் 31 விசை. இடது கையில் உயிர், வலது கையில் மெய். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஷிப்டைத் தேட வேண்டாம். ஆனால் ஏற்கனவே டைப்பிங் பழகிய ஆயிரக்கணக்கான கைகளை என்ன செய்வது?

அந்தத் தங்கைக்காக டைப்ரைட்டர் வரிசையை எழுத்துத் திரைக்கு மாற்றப் பார்த்தேன். அங்கேதான் அட்டவணையின் எல்லை தெரிந்தது. டைப்ரைட்டரில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடிலோ எழுத்து முதலில், புள்ளியும் கொம்பும் பிறகு. விரல் ஒரு வரிசையில் போகிறது, நம்பர் எதிர் வரிசையில் வேண்டும். வெறும் அட்டவணை இப்போது அழுத்திய விசையை மட்டும் பார்க்கும். முன்னால் என்ன அழுத்தினோம் என்று நினைவு வைக்காது. தமிழ்-99-க்கும் அதே கதைதான்: 'க'வுக்குப் பிறகு 'ஆ' விசையைத் தட்டினால் 'கா' ஆக வேண்டும், தனியாகத் தட்டினால் 'ஆ'வாகவே நிற்க வேண்டும். முன் விசையின் நினைவு இல்லாமல் எப்படி நடக்கும்?

ஆகவே நினைவு வைத்துக்கொள்கிற புரோகிராம் ஒன்று நடுவில் உட்கார வேண்டும். அதுவும் இலவசமாகவே இருக்கிறது. எம்-17-என் என்ற தொகுப்பில் டைப்ரைட்டர், தமிழ்-99, இன்ஸ்கிரிப்ட் மூன்றும் உண்டு. திரைக்காக, யந்திரத்தைச் சின்ன ஜன்னல் முறையில் கிளப்பி, திரை முழுவதும் ஒரே ஒரு கறுப்பு ஜன்னல் மட்டும் தெரியும்படி செய்தேன். பார்வைக்கு அதே பழைய எழுத்துத் திரை. எடைப் புரோகிராம் அதே புரோகிராம். பெயர் எழுதும் இடத்தில் தமிழ். காசு செலவு ஏதும் இல்லை. மூன்று ராத்திரி தூக்கம் போனது. இப்போதும் கொக்கி சில இடத்தில் எழுத்தை விட்டு விலகி நிற்கிறது, 'ணை' பக்கத்து எழுத்தை இடிக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பதிவாகும் நம்பர் சரி. அச்சடித்தால் சரியாக வருகிறது.

அந்தத் தங்கை உட்கார்ந்து முதல் நாள் அடித்த பட்டியலில், ஷிப்டில் இருந்த அத்தனை பெயரும் தமிழில் இருந்தன. ஆட்கள் சுற்றி நின்று, தங்கள் பெயரைத் தாங்களே படித்து, இரண்டு இடத்தில் 'ன'வும் 'ண'வும் மாறியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்கள். இங்கிலீஷ் பட்டியல் இத்தனை வருஷம் அதே சுவரில்தான் தொங்கியது. ஒருவர்கூட அதில் பிழை கண்டுபிடித்ததில்லை, படிக்க முடிந்தால்தானே!

தமிழில் எழுதிவிட்டால் அந்த அம்மாளின் பணம் மறுநாளே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆபீசுகள் இன்னும் இங்கிலீஷ் பெயரைத்தான் ஒத்துப் பார்க்கின்றன. ஆனால் இரண்டு இங்கிலீஷ் காகிதம் சண்டை போடும்போது, சேர்ந்த நாளிலிருந்து ஆலையே தமிழில் வைத்திருந்த பதிவு ஒன்று இருந்தால், ஆள் ஒருவர்தான் என்று காட்ட அது கையில் இருக்கும். ஆகவே இனி உங்கள் ஆலையில் தமிழ் ஏறாது என்று சொன்னால், கோபப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். விசைக்கு ஏறவில்லையா? பதிவுக்கு ஏறவில்லையா? திரையில் தெரியவில்லையா? முதல் இரண்டுக்கும் அவர்களிடம் பதில் இருக்காது.

பழைய கட்டை ஒன்றும் கம்ப்யூட்டர் ஒன்றும் இதோ மேஜையில் இருக்கின்றன. டைப்பிங் பழகியவர்கள் முன்னால் வாருங்கள். பழகாதவர்களும் வரலாம், உங்கள் பெயரில் உள்ள முதல் எழுத்தின் நம்பரைச் சொல்லித் தருகிறேன். அந்தப் பெரியவரும் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், அவரையும் கூப்பிடுங்கள். விளக்கைக் கொஞ்சம் அணையுங்கள், திரை தெரியட்டும்.